வடிகால்

“நரம்பே சிக்க மாட்டேங்குது சார். காலைலேர்ந்து தண்ணி கிண்ணி குடிக்கலையா?”

ரப்பர் கையுறை ஒன்றை என் முழங்கைக்குக் கீழே இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு, அந்த நர்ஸ் பெண் இரண்டு விரலால் என் புறங்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஸ்கேன் மையத்தின் உள்ளறைக் குளிரில் கை வெளிறிப் போயிருந்தது. ஊசி ஏற்கெனவே ஓரிடத்தில் நுழைந்து ஏமாந்து திரும்பியாயிற்று. “மூடிப் புடிங்க. விடுங்க. திரும்ப மூடுங்க.” மூன்றாவது முயற்சியில் வென்ஃப்ளான் ஊசியின் பின்புறச் சிமிழில் கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு ஏறியது. “அப்பாடா, நரம்பு கெடச்சிருச்சு” என்று பிளாஸ்திரியை ஒட்டினார்.

அவர் தேடியதற்குப் பாடப்புத்தகத்தில் சிரை என்று பெயர். நம் பேச்சில் எல்லாமே நரம்புதான். மூளையிலிருந்து சேதி கொண்டுபோவதும் நரம்பு, ஊசிக்காகத் தட்டித் தேடுவதும் நரம்பு, காலில் முறுக்கிப் புடைத்துக்கொண்டால் நரம்புச் சுருட்டல், யாழில் கட்டியிருந்ததும் நரம்பு. யாருக்காவது மூளையில் ரத்தக் கசிவு என்றால் ‘மூளை நரம்பு வெடிச்சிருச்சாம்’ என்றுதான் தெருவில் சேதி பரவும். வெடித்தது பெரும்பாலும் தமனியாக இருக்கும். இதைத் திருத்தப் புறப்படும் ஆசை எனக்கு இல்லை. வெட்டிப் பார்க்காத கண்ணுக்குத் தோலுக்கடியில் நீளமாக ஓடுவதெல்லாம் ஒன்றுதான். பாடப்புத்தகம் தமனி, சிரை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது நல்ல காரியம். ஆனால் கூடவே இன்னும் இரண்டு சொற்களையும் ஒட்டிவிட்டது. தமனியில் ஓடுவது சுத்த ரத்தம், சிரையில் ஓடுவது அசுத்த ரத்தம். இதயப் படத்துக்கு வண்ணம் தீட்டும்போது சிவப்புப் பென்சில் சீக்கிரம் தேய்ந்துவிடும். நீலத்தை ஏனோதானோவென்று பூசுவோம்.

அசுத்தம் என்ற சொல் தமிழில் தனியாக வருவதில்லை. தீட்டு, தள்ளிவை, தொடாதே என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு வரும். வேலை முடித்துத் திரும்பும் ரத்தம் என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். கொண்டுவருபவருக்கு ஒரு மரியாதையும் கொண்டுபோகிறவருக்கு வேறொரு மரியாதையும் தந்து பழகிய ஊரில், ரத்தத்துக்கு மட்டும் விதிவிலக்கு எங்கிருந்து கிடைக்கும்?

மூன்று மாதத் தலைவலிக்காக எடுத்த படம் அது. அறிக்கை எல்லாம் நலம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தது: வலப்பக்கத்து ரோசன்தால் அடிச்சிரை சரியாகத் தெரியவில்லை, இயல்பான மாறுபாடு. எனக்குள் ரோசன்தால் என்று ஒருவர் இத்தனை வருடம் குடியிருந்த சேதி அன்றைக்குத்தான் தெரிந்தது.

நண்பரின் மகள் ரேடியாலஜிஸ்ட். குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இப்போதைய மடிக்கணினிகளில் தகடு போட இடமே இல்லை. பரணிலிருந்து ஒரு பழைய பெட்டியைத் தேடி எடுத்து, தூசி தட்டி, கம்பியால் இணைத்தாள். திரையில் மூளை சாம்பல் நிறத்தில் வந்தது. அதன் மேல் கூர்மையான பேனாவால் மசி தொட்டுக் கீறியது போலக் கறுப்புக் கோடுகள். சுண்டெலியின் சக்கரத்தை அவள் உருட்ட உருட்ட, கோடுகள் நகர்ந்தன, சேர்ந்தன, கரைந்தன.

“இது நடுமூளை அங்கிள். இடப்பக்கம் பாருங்க, கோடு முழுசா சுத்தி வருது. வலப்பக்கம் பாதியிலயே காணாமப் போகுது.”

“அப்ப அந்தப் பக்கத்து ரத்தம்?”

“வேற வழியில போயிடும். நெறையப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். தலைவலிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

தலைவலி என்னவோ கண்ணாடியை மாற்றியதும் போய்விட்டது. அந்தப் பாதிக் கோடுதான் போகவில்லை.

மூளையின் மேற்பரப்பில் ஓடும் சிரைகளை மண்டையோட்டைத் திறந்ததும் பார்த்துவிடலாம். ஆழத்தில் இருப்பவை வேறு குடும்பம். உட்பெருமூளைச் சிரைகள் இரண்டும் மூளையின் நட்டநடுவில் ஒன்றையொன்று ஒட்டியபடி பின்னோக்கி ஓடுகின்றன. ரோசன்தாலின் அடிச்சிரைகள் இரண்டும் புறப்படுவது மூளையின் அடித்தளத்தில், கண்ணிலிருந்து வரும் நரம்புக் கற்றைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பொட்டுமடலின் உள்மடிப்புக்கு அடியில் பதுங்கி, நடுமூளையின் இடுப்பை அரைஞாண் கயிறு போல இருபுறமும் சுற்றிக்கொண்டு பின்னால் ஏறுகின்றன. இவையெல்லாம் வந்து சேரும் இடம் கேலனின் பெருஞ்சிரை. (காலன் என்று எழுதினால் எமன் வந்துவிடுவார், ஆகவே கேலன்.) பெயர்தான் பெருஞ்சிரை, நீளம் மிஞ்சிப் போனால் இரண்டு சென்டிமீட்டர். அதன் நிழலில் சிறு பட்டாணி போலப் பீனியல் சுரப்பி. ஆன்மாவின் இருப்பிடம் அதுதான் என்று 17ஆம் நூற்றாண்டில் தெக்கார்த் எழுதினார். ஆன்மாவின் தலைக்கு மேலேயே ஊரின் பெரிய வடிகால் போகிறது. வாடகை மலிவாக இருந்திருக்கும்.

பெயர்களின் கதை தனி. கேலன் இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர், பெர்கமோனில் பிறந்து ரோமில் புகழ்பெற்றவர். அவர் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குரங்குகளையும் மாடுகளையும்தான். மாட்டின் மூளையடியில் இருக்கும் ஒரு வலைப்பின்னலை மனிதனுக்கும் உண்டு என்று அவர் எழுதிவைக்க, 1543இல் வெசாலியஸ் இல்லை என்று சொல்லும்வரை அது மனிதர்களுக்கு இருந்துகொண்டே இருந்தது. பின்மண்டையில் சிரைப் பாதைகள் கூடும் சந்திக்கு அலெக்ஸாந்திரியாவின் ஹெரோஃபிலஸ் பெயர், அதுவும் திராட்சை பிழியும் ஆலை என்ற பொருளில். நம் ஆள் பார்த்திருந்தால் செக்கு என்றிருப்பார். ரோசன்தால் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டு ஊரில் 1780இல் பிறந்த உடற்கூறியலாளர். கேலன் சிரையின் கிளைகளைப் பற்றி 1824இல் லத்தீனில் ஒரு கட்டுரை எழுதினார், ஐந்தே வருடத்தில் இறந்தும் போனார். அவருடைய பெயருக்கு ஜெர்மனில் ரோஜாப் பள்ளத்தாக்கு என்று பொருள். அசுத்த ரத்தம் ஓடும் குழாய்க்கு இப்படியொரு பெயர் வாய்த்ததில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

என் பாதிக் கோட்டுக்கான விளக்கம் ரோசன்தாலிடம் இல்லை. அது டார்கஸ் பேஜட் என்ற பெண்ணிடம் இருந்தது. மருத்துவப் பட்டம் இல்லாதவர். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மாக்ஸ் பிரோடலிடம் மருத்துவ ஓவியம் பயின்று, மூளை அறுவை மருத்துவர் வால்டர் டாண்டிக்குப் படம் வரைந்து கொடுத்தவர். டாண்டி அறுப்பதை வரைந்து வரைந்து, இந்தக் குழாய்கள் ஏன் ஆளுக்கு ஆள் இப்படி மாறுகின்றன என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது என்றுதான் நான் கற்பனை செய்துகொள்கிறேன். பால்டிமோரிலேயே இருந்த கார்னெகி நிறுவனத்தில் மனிதக் கருக்களின் மெல்லிய சீவல்கள் கண்ணாடித் தட்டுகளில் வரிசையாகச் சேகரிக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மனத்துக்குள் அடுக்கி, குழாய்கள் உருவாகும் விதத்தை வரைந்தார். தமனிகளைப் பற்றிய ஆய்வு 1948இல் வந்தது. சிரைகளுக்கு இன்னும் கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் ஆயின. மூளையின் குழாய்களைப் படிப்பவர்கள் இன்றும் அந்தக் கோட்டோவியங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவர் காட்டியது இது. தமனிகள் கருவில் சீக்கிரமே ஒரு ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன, சிரைகள் கடைசிவரை பேரம் பேசிக்கொண்டே இருக்கின்றன. அடிச்சிரை என்று ஒரு சிரை முதலில் கிடையவே கிடையாது. முன்மூளையின் துண்டு ஒன்று, நடுவில் ஒன்று, நடுமூளைக்கு ஒன்று எனத் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தன் போக்கில் பக்கவாட்டில் வடிந்துகொண்டிருக்கும். மூளை பெருக்கப் பெருக்க, அந்தத் துண்டுகளுக்கு இடையே நெடுக்காக இணைப்புகள் விழுந்து ஒரே குழாயாகின்றன. இணைப்பு விழாமல் போனால் துண்டு துண்டாகவே நின்று, பழைய வழிகளிலேயே வடியும். என் வலப்பக்கத்தில் நடந்தது அதுதான். பிறப்பதற்கு முன்னால் நின்றுபோன ஒரு வேலை ஐம்பத்தாறு வயதில் ஒரு வரியாக அறிக்கையில் வந்திருக்கிறது.

நான் கீழத்தஞ்சைக்காரன். எங்கள் பக்கம் வாய்க்காலுக்குச் சண்டை உண்டு, முறை வைப்பது உண்டு, மடைக்குக் காவல் உண்டு. வடிகாலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெங்காயத்தாமரை மண்டி அது அடைத்துக்கொண்டு, ஐப்பசி மழையில் நட்ட பயிர் நாலு நாள் மூழ்கிக் கிடந்து அழுகும்போதுதான் வடிகால் எங்கே போகிறது என்று மண்வெட்டியோடு தேடுவார்கள். தண்ணீர் வராத பயிர் காய்கிறது, தண்ணீர் போகாத பயிர் அழுகுகிறது. இரண்டு சாவும் பார்க்க வேறு வேறு. மூளையிலும் அப்படியே.

சிரைகளை உயிருள்ள மனிதரிடம் பார்க்க முடிந்தது லிஸ்பனில். 1927 ஜூனில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனிக்குள் அயோடின் கரைசல் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். மூட்டுவாதத்தால் அவருடைய கைகள் முடங்கியிருந்ததால் ஊசி பிடித்தவர் அல்மெய்தா லிமா. முதலில் வேறொரு உப்பைப் பயன்படுத்தியபோது ஒரு நோயாளி இறந்துபோனார். பிறகு மனித மூளையின் தமனிகள் முதன்முறையாகப் படச்சுருளில் விழுந்தன. உலகம் கொண்டாடியது அந்தப் படத்தைத்தான். சிரைகள் அதில் இல்லை. மருந்து இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். தமனியில் ஏறியது திசுவுக்குள் நுண்குழாய்களில் பரவி, மறுபக்கம் வடிந்து சிரைக்கு வரச் சில நொடிகள் ஆகும். மேற்பரப்புச் சிரைகள் முதலில் நிரம்பும், ஆழத்துச் சிரைகள் அதற்கும் பிறகு. அதற்குள் படம் எடுத்து முடித்துவிட்டிருப்பார்கள். மோனிஸின் சகா பெரெய்ரா கால்டாஸ் படச்சட்டங்களைச் சுழற்றி அடுத்தடுத்து எடுக்கும் கருவி ஒன்றைச் செய்த பிறகுதான், ஒரே ஊசியில் தமனிப் படமும் அதன் பின்னால் சிரைப் படமும் தொடர்ச்சியாக வந்தன. ஆழத்துச் சிரையைப் பார்க்கக் கூடுதல் மருந்து தேவைப்படவில்லை. மூன்று நான்கு நொடி காத்திருப்பவர் தேவைப்பட்டார்.

அந்தக் காலத்தில் மோனிஸ் குழுவினர் அயோடினை விட்டுவிட்டுத் தோரோட்ராஸ்ட் என்ற தோரியக் கரைசலுக்கு மாறினார்கள். நோயாளிக்கு வலி இல்லை, படம் பளிச்சென்று விழுந்தது. ஆனால் தோரியம் கதிரியக்கப் பொருள், உடம்பைவிட்டு வெளியேறுவதே இல்லை. கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக எழுந்தது. சிரையை அவ்வளவு தெளிவாகக் காட்டிய மருந்துக்கு உடம்பில் ஒரு வடிகால் இல்லாமல் போயிற்று. மோனிஸுக்கு 1949இல் நோபல் கிடைத்தது இந்தக் கண்டுபிடிப்புக்கு அல்ல, மூளையின் முன்மடலில் வெட்டுப் போடும் அறுவைக்கு. பரிசுக் குழுவின் ரசனையைப் பற்றி இங்கே வேண்டாம்.

என் திரையில் இருந்த கறுப்புக் கோடுகளுக்கு எந்த மருந்தும் தேவைப்படவில்லை. நர்ஸ் தேடித் தேடிப் போட்ட வென்ஃப்ளான் வேறு படங்களுக்கு. இந்தப் படத்தில் மையாக இருந்தது ரத்தமேதான். ஃபாரடே 1845இல் உலர்ந்த ரத்தத்தைக் காந்தத்தருகே வைத்துப் பார்த்தார், அது காந்தத்தால் ஈர்க்கப்படவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் சங்கதியைக் கண்டுபிடித்தார்கள். ஆக்ஸிஜனைச் சுமந்திருக்கும் ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை. ஆக்ஸிஜனை இறக்கிவிட்டுத் திரும்பும் ஹீமோகுளோபினை மெலிதாக ஈர்க்கிறது. 1990இல் செய்ஜி ஒகாவா இதை எம்.ஆர்.ஐ. படத்தில் பிடித்தார். 1997இல் ரைகன்பாக்கும் ஹாக்கேயும் சகாக்களும் இதையே வைத்து மூளையின் நுண்சிரைகளை வரைந்து காட்டினார்கள்.

தமனி ரத்தம் ஆக்ஸிஜனால் கிட்டத்தட்ட நிரம்பியிருக்கிறது. மூளையைக் கடந்து வரும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்துவிடுகிறது. அந்தக் குறைதான் சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைத்துக் கறுப்பாகத் தெரிகிறது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளை, உடம்பு வாங்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. ஸ்கேன் குழாய்க்குள் கிடந்தபடி தடதடவென்ற சத்தத்துக்கு நடுவே, வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையின் செலவும் அந்தக் கோட்டில் எங்கோ இருக்கும். பள்ளியில் அசுத்தம் என்று கற்றுக்கொடுத்தது இங்கே எழுத்தாக வந்திருக்கிறது. தமனிகள் இந்தப் படத்தில் இப்படிக் கறுப்பாகத் தெரிவதில்லை. அவற்றிலுள்ள ரத்தம் இன்னும் எதையும் செலவழிக்கவில்லை.

அடிச்சிரையின் மேல் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. திடீரென்று இடி விழுந்தது போலத் தலைவலி வந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். சி.டி. படத்தில் நடுமூளையைச் சுற்றி ரத்தம். தமனி புடைத்து வெடித்திருக்கும் என்று அஞ்சி உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் தமனிகளில் ஒரு குறையும் இல்லை. ஆளும் தேறி வீட்டுக்கு நடந்து போகிறார், மறுபடி வருவது அபூர்வம். 1985இல் நெதர்லாந்தில் வான் கெயினும் சகாக்களும் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார்கள். குற்றவாளி அகப்படாத வழக்கு. இந்த நோயாளிகளிடம் அடிச்சிரை இயல்பான வழியில் கேலன் சிரைக்குப் போகாமல் பழைய கருக்கால வழிகளில் வடிவது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டதால், பின்னாளில் சந்தேகம் சிரையின் பக்கம் திரும்பியது. அழுத்தம் குறைந்த குழாயிலிருந்து கசிந்ததால்தான் ஆள் பிழைத்தார் என்பது வாதம். பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி இல்லை, கசியும்போது யாரும் பார்த்ததில்லை. இதை என்னிடம் சொன்ன நண்பரின் மகள், என் முகம் போன போக்கைப் பார்த்து, “அங்கிள், கோடு அப்படி இருக்கிறவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருக்குமே வாழ்க்கை பூரா ஒண்ணும் ஆகாது, காபி ஆறுது பாருங்க” என்றாள்.

வழக்கே தேவைப்படாத குற்றம் வேறொன்று உண்டு. ஆழத்துச் சிரைகளில் ரத்தம் உறைந்துவிடுவது. அப்போது மூளையின் நடுவில் இரண்டு தலாமஸ்களும் வடியாத வயலாக ஊறிப்போகின்றன. நோயாளிக்குப் பல நேரம் கை கால் விழுவதில்லை. தூங்கித் தூங்கி விழுவார், பேச்சு குழறும், சொன்னதையே சொல்வார், நேற்று நடந்தது நினைவில் இருக்காது. மூளைக் காய்ச்சல் என்றும், மன நோய் என்றும், ஊர்ப்பக்கம் காத்துக் கருப்பு என்றும் நாட்கள் போகும். 2004இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்த 624 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். ஆழத்துச் சிரைகள் அடைத்துக்கொண்டவர்களின் கதி மோசமாக இருந்தது. அந்த ஆய்வை நடத்திய ஹொசே ஃபெர்ரோவும் லிஸ்பன்காரர்தான். சிரைகளுக்கு அந்த ஊரோடு ஏதோ பந்தம்.

பெண்கள் ஏன் என்றால், கர்ப்பமும் பிரசவமும் கருத்தடை மாத்திரையும் ரத்தத்தை உறையும் பக்கம் சாய்க்கின்றன. நம் நாட்டு மருத்துவர்கள் இதோடு இன்னொன்றையும் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள், பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் தராமல் வைக்கும் வழக்கத்தை. எங்கள் வீட்டில் அது சட்டம். அக்காவுக்குப் பிரசவம் ஆன சித்திரை மாதம், பெரியம்மா ஒரு வெண்கல டம்ளரை அளவாக வைத்திருந்தார். சோற்றுக்கு நடுவில் அரை டம்ளர், அதுவும் வெந்நீர். “பச்ச உடம்புக்காரிக்குத் தண்ணி ஆவாது. வயிறு பானையாட்டம் ஆயிரும், புள்ளைக்குச் சளி புடிச்சிரும்.” அக்கா நாக்கு வறண்டு, கொல்லைப்பக்கம் போகும் சாக்கில் தொட்டித் தண்ணீரை அள்ளிக் குடித்ததை எனக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மா கடைசிவரை தன் வைத்தியத்துக்கு அக்காவையே சான்றாகக் காட்டினார்.

இந்த நோய்க்கான மருந்து ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் ஹெப்பாரின். வடிகால் அடைத்த மூளையில் பல நேரம் ரத்தமும் கசிந்திருக்கும். கசிகிற இடத்தில் உறைவதைத் தடுக்கும் மருந்தா என்று மருத்துவர்களே நெடுநாள் தயங்கினார்கள். 1991இல் ஜெர்மனியில் வெறும் 20 நோயாளிகளோடு முடிந்த ஒரு சோதனை அந்தத் தயக்கத்தைக் குறைத்தது. கசிவுக்குக் காரணமே பின்னால் இருக்கும் அடைப்பு, அடைப்பை எடுக்காமல் கசிவு நிற்காது என்ற கணக்கு. எங்கள் ஊரில் வரப்பு உடைந்தால் வரப்பைக் கட்டுவதற்கு முன் வடிகாலை வெட்டச் சொல்லும் கிழவர் ஒருவர் இருந்தார். அவர் பேச்சை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கு ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் அதே நர்ஸ்தான் வென்ஃப்ளானை உருவினார். பஞ்சை வைத்து என் கட்டைவிரலை அதன்மேல் அழுத்தினார்.

“அஞ்சு நிமிஷம் அழுத்திப் புடிங்க சார், இல்லேன்னா நரம்பு வீங்கிக்கும். வீட்டுக்குப் போய்த் தண்ணி நெறையக் குடிங்க. மருந்து வெளிய போவணும்ல?”

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அழுத்திப் பிடித்திருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, பொறுமை இல்லாமல் பஞ்சை எடுத்துப் பார்த்தேன். மிளகு அளவில் ஒரு பொட்டு, ஓரத்திலிருந்து உலரத் தொடங்கியிருந்தது.